இடைக்காலத் தேர்தலும் மக்கள் மனக்குறையும்
கிள்ளான் பள்ளத்தாக்கு காட்டும் வரலாறு

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், சனிக்கிழமை. அன்று கிள்ளான் வாழ் தமிழர் வாக்குச்சாவடி சென்று சிலாங்கூர்ச் சட்டமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். பிரிக்பீல்ட்ஸ் வாழ் தமிழருக்கோ அது வழக்கமான விடுமுறை நாள். அங்கே தேர்தல் இல்லை. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் உள்ள ஊர்கள். ஓர் இருப்புப் பாதையால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிணைக்கப்பட்டவை. ஆயினும், ஆளுங்கட்சியின் மீதுள்ள மனக்குறையைப் பொதுத் தேர்தலுக்கு இடைப்பட்ட காலத்தில் வாக்கால் வெளியிடும் வாய்ப்பு ஓர் ஊர்க்கு உண்டு, மற்றதற்கு இல்லை. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது?

நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் முன் நிற்பது, நாட்டை ஆள்வது யார் என்னும் வினா. அப்போது பலர் தம் குறைகளை அடக்கிக்கொண்டு பழகிய கட்சிக்கே வாக்களிப்பர். மைய ஆட்சி மாறாது என்று தெரிந்த இடைக்காலத் தேர்தலில் அத்தயக்கம் இல்லை. 1973இல் தமிழகத்தின் திண்டுக்கல்லில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலை நினைவுகூர்க. முந்திய ஆண்டு அக்டோபரில் தோன்றிய அண்ணா தி.மு.க. அதில் வென்றது, மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாம் இடத்திற்கு இறங்கியது. 1977இல் நிகழவிருந்த ஆட்சி மாற்றத்தின் முதல் அறிகுறி அங்கே தெரிந்தது.

கோலாலம்பூர் வாக்காளர் இத்தகைய தேர்தலை விடுதலைக்கு முன்னரே அறிந்திருந்தனர். 1952 பிப்ரவரி 16ஆம் நாள் நடந்த நகராண்மைக் கழகத் தேர்தலில் 12 இடங்களுள் 9 இடங்களை அம்னோவும் ம.சீ.ச.வும் கூடி வென்றன. பின்னர் நாட்டை ஆண்ட கூட்டணி இந்த நகரத் தேர்தலில் பிறந்ததே. டத்தோ ஓன் பின் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன. அக்கட்சியின் சார்பில் பங்சார் வட்டாரத்தில் வென்றவர் தேவகி கிருஷ்ணன். இந்நாட்டில் மக்கள் வாக்கால் பொதுப்பதவி பெற்ற முதற் பெண்மணி ஒரு தமிழர் என்பது நம்மவர் பலர் மறந்துவிட்ட செய்தி.

எனினும், மாநிலத் தேர்தல் மக்கள் மனத்தைத் தெளிவாகக் காட்டிய ஆண்டு 1959. நான்காண்டுகட்கு முன், 1955 ஜூலையில், கூட்டணி 52 இடங்களில் 51 இடங்களை வென்றிருந்தது. அன்று வாக்காளருள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் மிகச் சிலரே. அவர்கள் வாக்களித்தது விடுதலைக்காக. விடுதலை வந்தபின் குடியுரிமை விரிந்தது. 1959இல் மலாய்க்காரர் பங்கு ஏறத்தாழ 57 விழுக்காடாயிற்று. சீனரும் இந்தியரும் பெருந்தொகையினராய் முதன்முறை வாக்காளர் பட்டியலில் ஏறினர். கொடி ஏற்றியாயிற்று, இனி அன்றாட வாழ்வின் குறைகள் பேசத் தொடங்கின. கிழக்குக் கரை உழவர்க்கு வறுமை. சீனர்க்குப் பள்ளி மொழி. நகரத் தொழிலாளிக்குக் கூலியும் சங்க உரிமையும். தோட்டத் தமிழர்க்குத் தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடி.

அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தல் ஆகஸ்டு 19ஆம் நாள் நடந்தது. அதற்கு முன்பே, மே 20 முதல் ஜூன் 24 வரை, மாநிலந்தோறும் தனித்தனி நாளில் சட்டமன்றத் தேர்தல்கள் நடந்து முடிந்தன. துங்கு அப்துல் ரகுமான் ஏப்ரலிலேயே பிரதமர் பொறுப்பைத் துன் அப்துல் ரசாக்கிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்சிப் பணிக்கு இறங்கியிருந்தார். அவ்வளவு முன்னெச்சரிக்கை இருந்தும், கிளந்தானில் 30 இடங்களுள் 28 இடங்களைப் பாஸ் கட்சி கைப்பற்றியது. திரங்கானுவில் 24இல் 13. சிலாங்கூரில் நிலை வேறு. 28 இடங்களுள் கூட்டணி 23 பெற்றது. சோசலிஸ்டு முன்னணிக்குக் கிடைத்தவை 3 மட்டுமே. மேலோட்டமாய்ப் பார்ப்பவர்க்கு அது பெரிதாய்த் தோன்றியிராது. ஆனால் ஆகஸ்டில் சிலாங்கூரின் 14 நாடாளுமன்றத் தொகுதிகளுள் 5 தொகுதிகளை அம்முன்னணி வென்றது. சட்டமன்றத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காய் இருந்தது நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேலாயிற்று. மனக்குறை முதலில் சிறு பொறியாய்த் தெரிந்து, இரண்டே திங்களில் சுடரானமை இதில் விளங்கும்.

அந்த ஐந்தனுள் ஒன்று பங்சார். வென்றவர் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட். அதே நாளில் கிள்ளானில் வென்றவர் ம.இ.கா.வின் வி. மாணிக்கவாசகம். ஒருவர் ஆளுங்கட்சி, ஒருவர் எதிர்க்கட்சி. தமிழர் வாக்கு முழுவதும் ஒரே கட்சியின் பெட்டிக்குள் விழுவது என்னும் எண்ணம் அன்றே பொய்யாயிற்று.

ஆளுவோர் இவ்வெச்சரிக்கையைப் புறக்கணிக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். தேர்தல் முடிந்ததும் துன் ரசாக்கின் பொறுப்பில் கிராம வளர்ச்சிக்கெனத் தனி அமைச்சு அமைந்தது. தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கும் நோக்குடன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது 1960இல். மக்கள் முகம் சுளித்ததைக் கண்ட பின்னரே இவை நடந்தன.

ஆனால் அத்தகைய வாயில்கள் ஒவ்வொன்றாய் அடைபட்டன. கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தல் 1961 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. நகர் ஓர் ஆணையாளரின் ஆட்சிக்கு உட்பட்டது. 1964 ஏப்ரல் 25இல் நாடாளுமன்றத்திற்கும் தீபகற்ப மாநிலங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. காரணம் எதுவாயினும், மாநிலக் குறை பேரரசியலின் ஆரவாரத்தில் மூழ்கிப்போயிற்று. 1978 மார்ச்சில் கிளந்தானில் நடந்தது நீங்கலாக, 2021இல் மலாக்கா தனித்துத் தேர்தல் காணும் வரை தீபகற்பத்தில் இதுவே வழக்கமாயிற்று. 1965 மார்ச்சில் கிள்ளான் உள்ளிட்ட ஊர்களின் உள்ளாட்சித் தேர்தல்களும் இந்தோனேசிய மோதலைக் காட்டி நிறுத்தப்பட்டன. அவற்றை ஆராய அமைந்த அரச ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான ஆதி நாகப்பன். தேர்தலை மீட்க வேண்டும் என்றே அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை, 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை அறவே நீக்கியது.

இடையில் 1969இல் கூட்டணி சிலாங்கூரின் 28 இடங்களில் சரிபாதியான 14 மட்டுமே பெற்றுத் தடுமாறியது. அதனை அடுத்த துயர நாட்கள் யாவரும் அறிந்தவை. 1974 பிப்ரவரி முதல் நாளில் கோலாலம்பூர் சிலாங்கூரினின்று பிரிந்து கூட்டரசு நிலப்பகுதி ஆயிற்று. அன்றோடு பிரிக்பீல்ட்ஸ் வாக்காளரின் சட்டமன்ற வாக்கும் போயிற்று. எதிர்க்கட்சியின் உரமான நகரத்தை இழந்த சிலாங்கூர், அடுத்த 34 ஆண்டுகள் தேசிய முன்னணியின் கையிலேயே இருந்தது.

எஞ்சியது இடைத்தேர்தல். அது மக்கள் மனத்தை எப்போதும் சரியாகக் காட்டும் என்றும் கொள்ளற்க. 2007 ஏப்ரலில் கோலசிலாங்கூரை அடுத்த ஈஜோக்கில் ம.இ.கா. வேட்பாளர் 1,850 வாக்கு வேறுபாட்டில் டான் ஸ்ரீ காலிட் இப்ராகிமைத் தோற்கடித்தார். ஒரே தொகுதியில் அமைச்சர் படையே வந்து இறங்கிச் சாலையும் விளக்கும் வாரி வழங்கும்போது குறை நாணி ஒளிந்துகொள்ளும்! அதே ஆண்டு நவம்பர் 25இல் கோலாலம்பூர்த் தெருக்களில் ஹிண்ட்ராப் பேரணி திரண்டது. 2008 மார்ச்சில் அதே ஈஜோக்கில் அதே காலிட் வென்று மந்திரி புசார் ஆனார். கிள்ளானின் கோத்தா ஆலம் ஷாவில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறையிலிருந்த வழக்கறிஞர் எம். மனோகரனைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர் மக்கள். பதினோரு திங்களுக்கு முன் வெளியான முடிவை நம்பியோர் திகைத்தனர்.

2022 அக்டோபரில் நாடாளுமன்றம் கலைந்தபோது சிலாங்கூர் தன் சட்டமன்றத்தைக் கலைக்க மறுத்தது. இதனால் மாநிலத் தேர்தல் மீண்டும் தனித்து வந்தது. டத்தோஸ்ரீ அன்வார் பிரதமராகி ஒன்பது திங்கள் நிறையுமுன் 2023 ஆகஸ்டுத் தேர்தல் நடந்தது. 2018இல் 56இல் 51 பெற்றிருந்த பக்காத்தான் ஹராப்பான், இப்போது தேசிய முன்னணியைத் துணைக்கொண்டும் 34இல் நின்றது. மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மை போயிற்று. பெரிக்காத்தான் நேஷனல் 22 பெற்றது. இரு தேர்தல்களிலும் எதிரணி ஒன்றல்ல. ஆகவே எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுதல் சாலாது. எனினும் ஒன்று தெளிவு. ஜ.செ.க. தான் நின்ற 15 இடங்களையும் வென்றது. அம்னோவோ 12இல் 2 மட்டுமே பெற்றது. குறை மலாய் வாக்காளரிடமிருந்து எழுந்து, பிற தொகுதிகளில் வேறு வடிவம் கொண்டது. பலர் வாக்களிக்கவே வரவில்லை. எதிர்க்கட்சிக்கு வாக்களிக்க மனமில்லாதவன் தன் சினத்தை வீட்டிலிருந்தே காட்டுகிறான். அவ்வாண்டு ம.இ.கா. ஒரு வேட்பாளரையும் நிறுத்தவில்லை. மாணிக்கவாசகத்தின் கிள்ளானில் அக்கட்சியின் சின்னமோ பெயரோ வாக்குச்சீட்டில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாக்காளருக்குத் தம் உறுப்பினரை அடுத்த முறை தேர்ந்தெடுக்கும் நாள், நாடாளுமன்றம் கலையும்போதுதான் வரும்.