தோம்பிலிருந்து பிறப்புப் பத்திரம் வரை: யாழ்ப்பாணக் குடும்ப வரலாற்றின் எழுத்துச் சான்றுகள்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பமொன்று தன் வம்சத்தை எழுத்துச் சான்றுகளில் பின்னோக்கித் தேடிப்போனால், ஒல்லாந்தர் காலத்துக்குள் நுழைந்ததும் தேவாலய ஏட்டின் முன் வந்து நிற்கும். திருநீறு பூசிய குடும்பத்தின் பெயர்கள் கிறிஸ்தவ ஏட்டில் எப்படி ஏறின என்பதை விளங்கிக்கொண்டால்தான், அந்தப் பெயர்களை முன்னோரின் மதமாற்றச் சான்றாக அவசரப்பட்டு வாசிக்கும் பிழையைத் தவிர்க்கலாம். 19ஆம் நூற்றாண்டு வரை இங்கே தேவாலயப் பதிவு, அரசாங்கப் பதிவு என்ற இரண்டு தனித்தனியாக இருக்கவில்லை. அவை மெல்ல மெல்லப் பிரிந்த வரலாற்றையே இக்கட்டுரை தொடர்கிறது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபின் இறைக்காக நிலங்களைத் தோம்பு எனும் பதிவேட்டில் எழுதினார்கள். 1658இல் அவர்களிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், நிலத்தோடு மனிதரையும் எழுதும் முறையை விரிவாக்கினார்கள். காணித் தோம்பு ஒருபுறம். பள்ளித் தோம்பு மறுபுறம். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி எங்கும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் ஒரே வளவில் இருந்தன. அங்கே கற்பித்த உள்ளூர் உபாத்தியாயரே ஞாயிற்றுக்கிழமை செபம் வாசிப்பார். பிள்ளைகளின் வரவைக் குறிப்பார். விவாக அறிவித்தலைக் கூறுவார். ஞானஸ்நானமும் விவாகமும் மரணமும் அவர் கையாலேயே தோம்பில் ஏறும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் உண்டு. பதிவான விவாகத்திற் பிறந்ததாகக் காட்ட முடியாத பிள்ளைக்குப் பரம்பரைச் சொத்தான முதுசொம் கேட்பது கடினம். ஞானஸ்நானம் பெறாதவருக்கு முதலியார் போன்ற பதவிகள் எட்டாதவை. இவ்வளவும் அந்த ஏட்டில் தங்கியிருந்ததால், வீட்டில் சைவராக வாழ்ந்தவர்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்கள். ஆகவே அந்த ஏட்டுப் பெயரை முதலில் குடியியல் பதிவாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. விசுவாசத்தைப் பற்றிப் பேச வேறு சான்று வேண்டும்.

இவ்வகை ஏடுகளை வாசிப்பவர் கவனிக்க வேண்டிய நுட்பமொன்று உண்டு. ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை உபாத்தியாயருக்கு இல்லை. ஒல்லாந்தப் போதகர் சுற்றுப்பயணமாக வரும் நாளில்தான் அது நடக்கும். போதகர்களோ எப்போதும் சிலரே. அதனால் வெவ்வேறு மாதங்களிற் பிறந்த பல பிள்ளைகள் ஒரே நாளில் எழுதப்பட்டிருப்பார்கள். அந்தத் திகதியைப் பிறந்தநாளாக எடுத்துக்கொண்டால் வம்சக் கணக்கு பிசகும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் எஞ்சியிருக்கும் பள்ளித் தோம்புகளிற் பெரும்பகுதி தென்மேற்குக் கரையோரப் பிரதேசங்களுக்குரியவை என்பது யாழ்ப்பாண ஆய்வாளருக்குப் பெரிய இழப்பு.

கத்தோலிக்கரின் கதை இன்னும் சிக்கலானது. ஒல்லாந்தர் அவர்களின் குருமாரைத் தடைசெய்தார்கள். 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகள் சில்லாலையை மையமாகக்கொண்டு மறைவாகப் பணியாற்றினார். சட்டத்துக்காக ஒல்லாந்தத் தேவாலயத்தில் ஒரு பதிவு, மனச்சாட்சிக்காகத் தம் குருவின் முன் ஒரு திருமணம் என்று ஒரே தம்பதி இருமுறை மணம்புரிந்த நிலை அக்காலத்துக்குரியது. பிரித்தானியர் வந்தபின் 1806ஆம் ஆண்டின் 4ஆம் ஒழுங்குவிதி கத்தோலிக்கரின் வழிபாட்டுத் தடைகளை நீக்கியது. 1795 ஆகஸ்ட் 26இன் பின் கத்தோலிக்க முறைப்படி நடந்த விவாகங்களையும் சட்டப்படி செல்லுபடியாக்கியது. ஒல்லாந்தச் சபையின் ஏடு மட்டுமே செல்லும் என்ற நிலை இங்கேதான் உடையத் தொடங்கியது.

அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் காலூன்றியபோது, பெயர்களில் ஒரு புதிய முடிச்சு விழுந்தது. விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர்கள் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம். பாவலர் சரித்திர தீபகம் என்ற நூலை 1886இல் வெளியிட்ட சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும், தர்க்கநூல் எழுதிய சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் இந்த வழக்கத்தாற்றான். மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரிப் பட்டியலில் ஒருவர் அமெரிக்கப் பெயரோடு இருப்பார். ஊர்க் காணி உறுதியில் தமிழ்ப்பெயரோடு இருப்பார். இரண்டையும் இணைப்பது தகப்பன் பெயரும் ஊரும் மட்டுமே. அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறுவேறு அமெரிக்கக் குடும்பப் பெயர் இருந்தால், அவர்களை இரு குடும்பத்தவர் என்று பிரித்துவிடக் கூடாது.

தமிழ்ப்பெயர் முறையே தேடுபவரைத் திணறவைக்கும். தலைமுறை தாண்டித் தொடரும் குடும்பப்பெயர் இல்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதால் கதிர்காமர் சின்னத்தம்பி, சின்னத்தம்பி கதிர்காமர், மறுபடி கதிர்காமர் சின்னத்தம்பி என்று பெயர்கள் சுழன்று வரும். ஒரே கிராமத்தில் ஒரே காலத்தில் அந்தப் பெயருடன் மூவர் இருக்கவும் கூடும். இந்த இடத்தில் ஞானஸ்நான ஏட்டை மட்டும் நம்பியிருப்பவர் வழிதவறுவார். காணி உறுதிகள் கைகொடுக்கும். மனிதரின் பெயர் மாறினாலும் காணியின் பெயர் எளிதில் மாறுவதில்லை. தோம்பில் எழுதிய காணிப்பெயரே பின்னாளைய நொத்தாரிசு உறுதிகளிலும் பரப்புக் கணக்கோடும் எல்லை விவரத்தோடும் தொடர்ந்து வரும். எல்லையில் குறிக்கப்படும் அயற்காணிக்காரர் பலவேளை மாமனோ மைத்துனனோ ஆவர்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இந்தத் தேடலுக்கு மேலும் துணைசெய்கிறது. யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, 1806இல் பிரித்தானியர் சட்டமாக ஏற்ற அந்த வழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்தது. பழைய முறையில் முதுசொம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சென்றடைந்தது. தேவாலய ஏடு பிள்ளையைத் தகப்பனின் பெயரால் அடையாளப்படுத்த, சீதன ஓலையும் சீதன உறுதியும் தாய், அவள் தாய், அவளுக்கும் தாய் என்று பெண்வழியைக் காட்டின. பெண்வழி மூதாதையரைக் காணி மூலமாகவே இவ்வளவு தெளிவாகத் தொடரக்கூடிய வாய்ப்பு உலகில் அரிது. ஆயினும் குடும்ப மரம் வரைவோரிற் பலர் பழைய உறுதிக் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதேயில்லை; கறையானுக்கு விடுகிறார்கள். இது மனவருத்தம் தரும் விடயம்.

காணியில்லாதவரின் நிலை வேறு. தேசவழமையே கோவியர், நளவர், பள்ளர் முதலியோரின் அடிமை நிலையைப் பேசுகிறது. 1818ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்று அடிமைகளைப் பதிவுசெய்யும்படி உடைமையாளரைப் பணித்தது. அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். அதுவரை இக்குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் எழுத்தில் தென்பட்டது இன்னொருவரின் உடைமையாக. அதுவும் தகப்பன் பெயரின்றி, எசமானின் பெயரோடு. இந்தப் பதிவுகளையும் யாழ்ப்பாணக் குடும்ப வரலாற்றின் மூலங்களாக எண்ணி, வெட்கி மறைக்காமல் வெளிப்படையாக ஆராய வேண்டும். உடையார், விதானையார் போன்ற ஊர் அதிகாரிகளின் வம்சங்களை மட்டும் அடுக்குவது வரலாறாகாது.

குடியியல் பதிவு பல படிகளாக வளர்ந்தது. 1847ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விவாகம், பிறப்பு, இறப்புப் பதிவுகளை ஒழுங்கு செய்ய முற்பட்டது. பிறப்பு இறப்புக்கென 1867இல் 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. 1895இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. இன்று நடைமுறையிலிருப்பது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். மதம் எதுவாயினும் பிள்ளையின் பெயரைப் பதிவாளரிடம் எழுதுவிக்கலாம் என்ற நிலை வந்தபின், சைவர் பெயருக்காகத் தேவாலயம் போக வேண்டிய தேவை அற்றுப்போனது. அதன்பின் வந்த தேவாலய ஏடுகள் உண்மையிலேயே சபையாரின் ஏடுகள்.

இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் ஆய்வாளரின் கண்ணைக் கவரும் கட்டம் ஒன்று உண்டு: பாட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். தகப்பன் இலங்கையிற் பிறவாதிருந்தால் பூட்டனாரின் விவரமும் கேட்கப்படும். ஒரே தாளில் நான்கு தலைமுறை கிடைக்கலாம். இக்கேள்விகள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் வழிவந்தவை. தகப்பன் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவும்படி அச்சட்டம் கேட்டது. இந்த நிபந்தனை மலையகத் தோட்டத் தமிழருக்குப் பெருந்தடையானது. தோட்டங்களில் பிறப்பை அறிவிக்கும் பொறுப்பு தோட்ட நிருவாகத்திடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பலருக்கு எந்த ஏடும் இருந்ததில்லை. ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். ஆகவே மலையகக் குடும்பமொன்றின் பத்திரத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், பாட்டனார் இந்தியாவிற்றான் பிறந்தார் என்று முடிவுகட்டக் கூடாது. இலங்கையிலேயே பிறந்தும் நிறுவச் சான்றின்றிப் போனவராக அவர் இருக்கலாம். அக்குடும்பத்தைத் தொடர்பவர் முதலில் தோட்டத்தின் பெயர்ப்பதிவையும் அருகிலுள்ள தேவாலயத்தின் ஞானஸ்நான ஏட்டையும் பார்க்க வேண்டும். பிறகு தோட்டத் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுமுன் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் பதிவுகளையும், அங்கிருந்து திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகக் கிராமங்களையும்.