ரேகைச் சட்டமும் மனஇயலும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் மக்களை நம்மில் பலர் கண்டிருப்போம். கம்பம், உத்தமபாளையம் பகுதி இராவுத்தர் குடும்பங்களுக்கும் அம்மலை புதியதன்று. மாலையில் இறங்கி வருவதும் மலையிலேயே தங்கிவிடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த எளிய விருப்பமும் மறுக்கப்பட்ட ஒரு காலம் இவ்வட்டாரத்தில் இருந்தது. போடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் உள்ள உசிலம்பட்டிப் பகுதியின் பிரமலைக் கள்ளர் வரலாறு அதைக் கூறும்.

1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் புதிதாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. தச்சன் மகன் தச்சனாவது போலத் திருடன் மகன் திருடனாவான் என்னும் எண்ணமே அதன் அடித்தளம். மனித மனத்தைப் பற்றிய இக்கருத்தை, ஆராய்ச்சி எதுவுமின்றியே அரசு சட்டமாக்கிவிட்டது. பிறவிக் குற்றவாளியை மண்டை, தாடை, காது ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டே அறியலாம் என்று 1876-இல் இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ எழுதிய நூல், இவ்வெண்ணத்திற்கு அறிவியல் மெருகு பூசியது.

அம்மெருகு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆங்கிலச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவர், படைவீரர் முதலியோருடன் ஒப்பிட்டார். உடற்குறியால் அறியத்தக்க குற்றவாளி இனம் என ஒன்று இல்லை என்று 1913-இல் வெளியிட்டார். (குறைமதியும் பரம்பரையும் காரணம் என்ற நம்பிக்கையை அவரும் கைவிடவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.) அடுத்த ஆண்டே, 1914-இல், மதுரை மாவட்டக் கள்ளர்மீது இச்சட்டம் பாய்ந்தது!

ஆண்கள் விரல் ரேகை பதிய வேண்டும்; இரவில் காவலர் கண்முன் இருக்க வேண்டும்; வெளியூரில் தங்க ‘ராதாரிச் சீட்டு’ வேண்டும். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஏலமலையோ அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய ஒருவன் சீட்டின்றிப் பிழைப்புக்காக மலையேறித் தங்கினால், எதையும் திருடாமலேயே அவன் குற்றவாளி.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். போலீசார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். இம்மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என அன்போடு அழைத்தனர்.

ஒருவனைக் குற்றவாளி எனப் பெயரிட்டுத் தனிமைப்படுத்துவதே அவனைக் குற்றவாளியாக்கும் என்று அமெரிக்க அறிஞர் பிராங்க் டானன்பாம் 1938-இல் எழுதினார். நம் நாட்டில் அதற்குப் பின்னும் பதிவேடுகள் மூடப்படவில்லை. சென்னை மாகாணம் 1947-இலும், இந்திய அரசு 1952-இலும் சட்டத்தை நீக்கின. எனினும் ‘வழக்கக் குற்றவாளிகள்’ சட்டங்கள் அதன் இடத்தில் அமர்ந்தன. சிறை விதிகள் சிலவற்றில் பழைய சொற்களே நீடித்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம், சீர்மரபினராகப் பிறந்த காரணத்தால் ஒருவரை வழக்கக் குற்றவாளியாகக் கருதும் சிறை விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்து, சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்குமாறும் ஆணையிட்டது.