பரணிலிருந்து இறங்கிய வால்வு ரேடியோ

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சாலையை விட்டு உள்ளே சென்றால், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே ஓட்டு வீடுகளைக் காணலாம். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பரணிலிருந்து இறக்கிய ரேடியோப் பெட்டி ஒன்றை அண்மையில் பழுது பார்க்க நேர்ந்தது. மரப்பெட்டியில் புழுதி படிந்திருந்தது. முள்ளை நகர்த்தும் நூலை எலி கடித்திருந்தது. ஆனால் இரும்புச் சட்டத்தில் துரு மிகக் குறைவு. கடற்கரை ஊர்களில் கிடைக்கும் பெட்டிகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. பெட்டியின் உள்ளே, அஞ்சலகத்தில் பணம் கட்டிய லைசென்சுப் புத்தகமும் இருந்தது. ரேடியோ கேட்கக்கூட அனுமதி பெறவேண்டியிருந்தது என்றால் இன்றைய மாணவர் வியப்படைவர். 1927-இல் அதற்கு ஆண்டுக் கட்டணம் பத்து ரூபாய்.

டிரான்சிஸ்டர் வருவதற்குமுன் ரேடியோவின் உயிராக இருந்தது வால்வு. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலில் ஒரு பகுதியைச் சூடாக்கினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படும். எதிரே உள்ள தகட்டிற்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால் அவை அங்கே ஓடும். 1904-இல் பிளெமிங் செய்த குழல் இவ்வளவுதான். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பிவலையை வைத்தார். வலையில் ஏற்படும் சிறிய மின்னழுத்த மாற்றம், தகட்டில் ஓடும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. வாய்க்காலின் மடையைச் சிறிது தூக்கினாலும் இறக்கினாலும் வயலுக்குப் பாயும் நீர் கூடிக் குறைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைத்தான் இந்த வலை செய்கிறது.

நம் நாட்டில் இதைப் பயன்படுத்தி முதலில் முயன்றவர்களுள் சென்னையைச் சேர்ந்த சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் ஒருவர். அவர் 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கழகத்தை நிறுவினார். அந்த ஆண்டு ஜூலை 31-இல் ஒலிபரப்பு தொடங்கியது. பணமின்றி 1927-இல் கழகம் மூடப்பட்டது. 1930 முதல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் திறக்கப்பட்டன. புதுச்சத்திரம் பக்கத்தாருக்குத் திருச்சிதான் சொந்த நிலையம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. மத்திய அலை பகலிலும் தரையை ஒட்டி வந்து சேர்ந்துவிடும். கொழும்பு நிலையமோ சிற்றலையில் வானத்திலுள்ள அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி வந்தது. அதனால்தான் அது ஏறி இறங்கி, அலைமோதிக் கேட்டது.

மேட்டூரில் 1937-இல் மின்சாரம் உற்பத்தியானாலும், கிராமங்களுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை பாட்டரி ரேடியோக்களே கை கொடுத்தன. அவற்றின் வால்வு இழைக்கு 1.4 வோல்ட் போதும். தகட்டிற்கு மட்டும் 90 வோல்ட் தரும் தனி உலர் பாட்டரி வேண்டும். அது தீர்ந்தால் செலவு கையைக் கடிக்கும். சொந்தமாகப் பெட்டி வாங்க இயலாதவர்கள் மாலையில் ஊராட்சி ரேடியோவின் முன் கூடினார்கள். ரேடியோவை எளியோர் கைக்குக் கொண்டுவரும் எண்ணம் கொங்கு நாட்டில் இல்லாமல் இல்லை. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்யமுடியும் என்று 1941-இலேயே அறிவித்தவர் கோவை ஜி. டி. நாயுடு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை 1961-இல் வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. ரேடியோ உழவனையும் மாற்றியது: 1960-களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லை, திருச்சி வானொலி வழியே அறிந்த உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அதே காலத்தில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் பெருகின. வால்வுப் பெட்டிகள் பரணேறின.

இனி நம் பெட்டிக்கு வருவோம். அதில் நான்கு வால்வுகள். யூசிஎச் 81, யூபிஎப் 89, யூசிஎல் 82, யூஒய் 85 என்பன அவற்றின் பெயர்கள். ‘யூ’ என்றால் இழையில் 100 மில்லி ஆம்பியர் ஓடும் வகை என்று பொருள். நான்கு இழைகளும் திருவிழாச் சரவிளக்குப்போல் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றிற்கு வேண்டியவை முறையே 19, 19, 50, 38 வோல்ட், மொத்தம் 126. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மிஞ்சும் 104 வோல்ட்டை ஒரு மின்தடை விழுங்கவேண்டும். 104-ஐ 0.1 ஆம்பியரால் வகுத்தால் 1040 ஓம். அதில் மட்டும் பத்து வாட்டுக்குமேல் வெப்பமாகும். இப்பெட்டிகளின் பின்பலகையில் கருகிய தழும்பு ஏன் இருக்கிறது என்று இப்போது விளங்கும்.

சரத்தில் ஓர் இழை அறுந்தாலும் நான்கும் இருண்டுவிடும். நான்கும் போயின என்று எண்ணி யாரும் எறிந்துவிடவேண்டாம். இங்கே அறுந்தது யூஒய் 85 ஒன்றுதான். கண்ணாடியின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும் பூச்சையும் பாருங்கள். எஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்காக வைத்த பேரியம் அது. பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு பயன்படாது.

உண்மையில் வால்வைவிட முதலில் கெடுவது மின்தேக்கிகளே. மெழுகுக் காகித மின்தேக்கிகள் நாளடைவில் மின்சாரத்தைக் கசியவிடும். கடைசி வால்வின் வலைக்குமுன் உள்ள சிறிய மின்தேக்கி கசிந்தால், எதிர்மின் நிலையில் இருக்கவேண்டிய வலைக்கு நேர்மின்னழுத்தம் ஏறும். மடை முழுதும் திறந்துகொள்ளும். வால்வும் மின்மாற்றியும் கருகும். பரணிலிருந்து இறக்கியதும் ‘பாடுகிறதா பார்ப்போம்’ என்று சொருகியே பல நல்ல பெட்டிகளை நாம் கொன்றிருக்கிறோம். நானும் இளமையில் ஒன்றைக் கொன்றேன். முதலில் அந்த மின்தேக்கிகளை மாற்றுங்கள். பிறகு ஒரு 60 வாட் பல்பைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு சற்றே பளிச்சிட்டு மங்கினால் நலம். முழு ஒளியோடு நின்றால் உள்ளே குறுக்குச்சுற்று இருக்கிறது.

இவ்வகைப் பெட்டியில் மின்மாற்றி கிடையாது. மின்கம்பியின் ஒரு முனை நேராக இரும்புச் சட்டத்திலேயே சேரும். இரண்டு முனைப் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுதும் 230 வோல்ட். திருகாணி வழியே அது விரலுக்கு வந்து உயிரைக் கொள்ளும். பழக்கமில்லாதவர்கள் ரேடியோ மெக்கானிக்கின் துணையின்றித் திறக்கலாகாது.

பெட்டி பேசியது. இழைகள் சூடேற அரை நிமிடம். பிறகு மெல்ல ஓர் இரைச்சல், அதன் பின்னே ஒரு மத்திய அலை நிலையத்தின் குரல். “கொழும்பு எடுக்குமுங்களா?” என்று கேட்டார் வீட்டுப் பெரியவர். முள்ளைச் சிற்றலைப் பக்கம் நகர்த்தினேன். இரைச்சல்தான் வந்தது. பழைய சிற்றலை ஒலிபரப்பிகள் பல மூடப்பட்டுவிட்டன. பண்பலையை எடுக்க இந்தப் பெட்டிக்கு வழியில்லை.

அவருடைய பேரனுக்கு ஒரு யோசனை. கிராமபோனுக்காகப் பெட்டியின் பின்னால் விட்ட துளையில் கைப்பேசியைச் சேர்த்தால், தாத்தா கேட்ட பாட்டை இதிலேயே பாடவைக்கலாமே என்றான். பையன் கெட்டிக்காரன். ஆனால் அந்தத் துளையின் ஒரு முனையும் அதே சட்டத்தில்தான் சேர்கிறது. நடுவே தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்று வைக்கும்வரை தொடாதே என்று சொல்லி, துளையை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு வந்தேன். மின்மாற்றியைச் சேலத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.