பாக்காவ் மரத்தில் ஃபோட்டான் மோதல் ஆய்வு

எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகியவற்றின் ஃபோட்டான்கள் பாக்காவ் மரக்கட்டையின் அணுக்களோடு எப்படி மோதுகின்றன என்பதை அளந்து, அந்தக் கட்டை மனித உடலின் தசைக்கு ஈடாகுமா என்று பார்க்கும் ஆய்வு இது. 1980களின் பிற்பகுதியிலிருந்து பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் இதில் ஈடுபட்டுவருகிறார்கள். மோதல் ஆய்வு என்றதும் ஜெனீவாவில் துகள்களை மோதவிடும் நிலத்தடிச் சுரங்க வளையம் நினைவுக்கு வரும். பினாங்கின் ஆய்வுக்குத் தேவைப்பட்டவை ஒரு கதிரியக்க மூலம், ஓர் உணர்கருவி, சதுப்புநிலத்தில் வெட்டிய மரம், இவ்வளவுதான்.

1969இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய இந்நிறுவனம், பின்னர் குளுகோரில் பிரிட்டிஷ் படையினர் தங்கியிருந்த மிண்டன் முகாமுக்குக் குடிபெயர்ந்தது. பாக்காவ் என்பது ரைசோஃபோரா பேரினத்துக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயர். பிச்சாவரத்தில் படகேறியவர்கள் இதைச் சுரபுன்னை என்று அறிந்திருப்பார்கள். பேராக்கின் மாத்தாங் காட்டில் இதை ஏறத்தாழ முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, கோலா செபாத்தாங் சூளைகளில் கரியாக்குகிறார்கள். கட்டடங்களின் அடியில் அடிக்கும் கழிகளும் இம்மரமே. அடுப்புக்கரிக்கும் அடித்தளத்துக்கும் போகும் மரம் ஆய்வுக்கூடத்துக்குள் வரக் காரணம் அதன் அடர்த்தி. பெரும்பாலான மரங்கள் நீரில் மிதக்கும். பாக்காவின் அடர்த்தியோ கிட்டத்தட்ட நீரின் அடர்த்திதான். மனிதத் தசையும் அப்படியே.

நோயாளிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன் அது உடலில் எங்கே, எவ்வளவு படியும் என்று அளந்து பார்க்க வேண்டும். உயிருள்ள உடலில் அதைச் செய்ய முடியாது. அதனால் உடலைப் போலவே கதிரை ஏற்கும் ஒரு பொருளை வைத்து அளப்பார்கள். மருத்துவமனைகளில் அதற்கு ஃபேன்டம் என்று பெயர். நீர்த்தொட்டி, பெர்ஸ்பெக்ஸ் பலகை ஆகியவை பழைய வழக்கம். 1982இல் எப்பாக்ஸி பிசினால் ஆன ‘திடநீர்’ வந்தது. உள்ளூரில் விளையும் மரத்தால் இதைச் செய்ய முடியுமா என்பதே பினாங்கில் எழுந்த கேள்வி.

விடை, மோதலின் வகையைப் பொறுத்தது. ஃபோட்டான் அணுவில் மோதும்போது முக்கியமாக மூன்று நடக்கலாம். முழு ஆற்றலையும் ஓர் எலெக்ட்ரானிடம் ஒப்படைத்துவிட்டு மறையலாம். இது ஒளிமின் விளைவு. பில்லியர்ட்ஸ் பந்துபோல் எலெக்ட்ரானைத் தட்டி, ஆற்றலில் ஒரு பங்கை இழந்து திசைமாறலாம். 1923இல் ஆர்தர் காம்ப்டன் விளக்கியது இது. ஆற்றல் குறையாமல் திசை மட்டும் மாறலாம். இது ரேலே சிதறல். (1927இல் காம்ப்டனுக்கு நோபல் பரிசு கிடைத்த செய்திதான், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இதற்கு இணையாக ஒன்று இருக்க வேண்டும் என்று சி. வி. ராமனையும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனையும் முடுக்கியது. ராமன் விளைவும் ஒருவகையில் மோதல் ஆய்வின் கிளையே.)

சீசியம்-137 உமிழும் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிரில் காம்ப்டன் மோதலே மேலோங்கும். அங்கே கணக்கில் வருவது எத்தனை எலெக்ட்ரான்கள் வழியில் நிற்கின்றன என்பதுதான். அவை எந்தத் தனிமத்தைச் சேர்ந்தவை என்பது அவ்வளவு பொருட்டல்ல. அடர்த்தி ஒத்துவந்தால் மரம் தேறிவிடும். மார்பகப் படத்துக்குப் பயன்படும் 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில்தான் உண்மையான தேர்வு. அங்கே ஒளிமின் விளைவு முந்திக்கொள்கிறது; அதன் வாய்ப்பு, ஒரு கிராமுக்குக் கணக்கிட்டால், அணு எண்ணின் மும்மடியை ஒட்டி ஏறுகிறது. ஒரு கிராம் கால்சியம் ஒரு கிராம் ஆக்ஸிஜனைவிட 15 மடங்குக்கு மேல் தடுக்கும். மரத்திலுள்ள சிறிதளவு தாதுப்பொருள்கூட இங்கே கணக்கைக் குலைக்கலாம். 662இல் கதிரைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீர் வேண்டும்; 20இல் ஒரு சென்டிமீட்டர்கூட வேண்டாம்.

டேவிட் பிராட்லி, அப்துல் அஜீஸ் தாஜுதீன், சபர் பாவுக் உள்ளிட்டோர் வெப்பமண்டலக் கடினமரங்களை ஊடுருவும் ஃபோட்டான் கதிர் மெலிவதை அளந்து 1991இல் வெளியிட்டார்கள். ரைசோஃபோராவைக் கதிர்ப்படம் எடுத்தும் சிதறலை அளந்தும் 1996இல் இன்னொரு கட்டுரை வந்தது. மரம் பொதுவாகத் தேறியது. ஆனால் மரம் மரம்தானே: ஆண்டு முழுக்க ஒரே சீராக அது வளர்வதில்லை, ஒரு கட்டைக்குள்ளேயே அடர்த்தி ஏறி இறங்கும், நாளானால் வெடிக்கும்.

இந்தக் குறைக்குக் கண்ட வழி எளிமையானது: மரத்தைத் தூளாக்கிச் சூட்டில் அழுத்திப் பலகையாக்குவது. பசை சேர்த்தால் வேறு தனிமங்கள் நுழைந்துவிடும் என்பதால் முதலில் பசையே இல்லை. மரத்திலேயே உள்ள பிணைப்புப் பொருளான லிக்னினே பிடித்துக்கொண்டது. 2012இல் வெளியான ஆய்வில் நான்கு வெவ்வேறு துகள் அளவுகளில் பலகைகள் செய்து, நியோபியம், மாலிப்டினம், பல்லேடியம், வெள்ளி, வெள்ளீயம் ஆகிய உலோகங்களிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்களை அவற்றினூடே செலுத்தினார்கள். 16.59 முதல் 25.26 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான ஐந்து ஆற்றல்கள் இப்படிக் கிடைத்தன. அளந்த மெலிவுக் கெழுக்களை (கதிர் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று காட்டும் எண்களை) எக்ஸ்காம் என்ற கணினி நிரல் நீருக்கும் மார்பகத் திசுவுக்கும் தரும் மதிப்புகளோடு ஒப்பிட்டார்கள். பச்சைக் கட்டையைவிடத் தூள்பலகை நீரின் மதிப்பை நெருங்கி நின்றது. சி.டி. ஸ்கேனில் அடர்த்தியும் சீராகத் தெரிந்தது. துகள் நுண்ணியதாக ஆக, சீர்மையும் கூடியது.

பசையில்லாப் பலகை உறுதியில் பின்தங்கியது. ஆகவே அடுத்து வந்த ஆய்வுகள் உயிர்ப்பொருள் பசைகளைத் தேடின. அவற்றுள் ஒன்று, அதே பாக்காவின் பட்டையிலிருந்து எடுத்த டானின். மீனவர்கள் வலைக்குச் சாயமேற்றிய பழைய துவர்ப்புச் சரக்கு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதால் மோதல் கணக்கு கெடாது.

பினாங்கில் நடந்தது அளவீடு என்றால், மலேசியாவில் மோதல் ஆய்வின் கோட்பாட்டுப் பக்கம் கோலாலம்பூரில் வளர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் குருநாதன் ரத்தினவேலு, எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் அணுக்களில் மோதிச் சிதறுவதைக் கணக்கிட்டவர். தாழ்ந்த ஆற்றலில் பாசிட்ரான்–ஹைட்ரஜன் மோதல் பற்றி ஜிம் மிட்ராயுடன் சேர்ந்து 1995இல் எழுதினார். பல அணுக்களுக்குப் பரிந்துரைக்கத்தக்க பாசிட்ரான் சிதறல் மதிப்புகளை மைக்கேல் பிரங்கர், ஸ்டீபன் பக்மன் ஆகியோருடன் 2019இல் தொகுத்தார். இந்த மோதலும் மருத்துவத்தைத் தொடுகிறது: பெட் ஸ்கேனில் உடலுக்குள் செலுத்தப்படும் மருந்து வெளிவிடும் பாசிட்ரான், வழியில் அணுக்களோடு பலமுறை மோதி வேகமிழந்து, கடைசியில் ஓர் எலெக்ட்ரானோடு சேர்ந்து அழிகிறது. அப்போது எதிரெதிர்த் திசையில் கிளம்பும் இரு ஃபோட்டான்களுக்கும் தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்.