தோல்வியைப் பாடும் மரபில் ஒரு கால்பந்துத் திரைப்படம்

செர்பிய மொழியில் வியப்போ சலிப்போ மிகும்போது வாயில் தானாக எழும் தொடர் ஒன்று உண்டு: 'போக் தே விடேயோ.' 'கடவுள் உன்னைக் கண்டார்' என்பது அதன் சொற்பொருள். உருகுவே நாட்டின் தலைநகரான மொண்டெவிடேயோவின் பெயரும் இதே ஒலியில் முடிகிறது. இவ்விரண்டையும் இயைபுத் தொடையாகக் கோத்து, 'மொண்டெவிடேயோ, போக் தே விடேயோ!' என்னும் பெயருடன் 2010 டிசம்பரில் செர்பியத் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. 1930ஆம் ஆண்டின் முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்குப் பெல்கிரேடு இளைஞர்கள் புறப்பட்ட கதையே அதன் பொருள்.

விளையாட்டைப் பற்றிய இப்படம் செர்பியரின் தேசியத் திரைக்கலையில் சிறப்பிடம் பெறுகிறது. கோப்பையை வென்ற கதை இதுவன்று. தோற்றும் பாடப்பட்டவர்களின் கதை இது. தோல்வியைப் பாட்டாக்கும் தொன்மையான மரபொன்று செர்பியரிடம் உண்டு. அம்மரபு குருதி தோய்ந்து நின்ற ஒரு காலத்தின் பின்னர், அதனைப் பகைமை குறைந்த ஒரு களத்துக்கு இப்படம் கொண்டு சென்றது. அதன் பெருமையும் அதன் குறையும் அவ்விடத்திலேயே தொடங்குகின்றன.

பாட்டும் திரையும்

செர்பியரின் வாய்மொழிக் காப்பியப் பாடல்களுக்கு நடுநாயகமாக விளங்குவது 1389ஆம் ஆண்டின் கொசோவோப் போர். உதுமானியப் படையை எதிர்த்த இளவரசர் லாசர் அப்போரில் மாண்டார். சுல்தான் முராதும் மாண்டார். ஆயினும் பாடல்களில் நிலைத்தது செர்பியரின் வீழ்ச்சியே. மண்ணுலக அரசா, விண்ணுலக அரசா என்ற தேர்வு லாசரின் முன் வைக்கப்பட்டது என்றும், அவர் விண்ணுலகையே தேர்ந்தார் என்றும் பாணர்கள் பாடினர். 'குஸ்லே' என்னும் நரம்பிசைக் கருவியை இசைத்துப் பாடப்பெற்ற இப்பாடல்களை 19ஆம் நூற்றாண்டில் தொகுத்து ஐரோப்பா அறியச் செய்தவர் வுக் கராஜிச்.

தோற்றவனைப் பாடுவது கவிதைக்கு அழகு. ஆனால் அப்பாட்டை அரசியல் கையில் எடுக்கும்போது விளைவு வேறாகிறது. 1989 ஜூன் 28ஆம் நாள், அப்போரின் 600ஆம் ஆண்டு நினைவில், கொசோவோவில் பெருந்திரளின் முன் சுலோபதான் மிலோசெவிச் உரையாற்றினார். அடுத்த ஈராண்டுகளில் யூகோஸ்லாவியா போரில் சிதறத் தொடங்கியது.

திரைக்கலையும் செர்பியாவில் வரலாற்றுடனேயே தொடங்கியது. 1911இல் இல்யா ஸ்தனோயெவிச் இயக்கிய முதற் செர்பியக் கதைப்படம், துருக்கியர்க்கெதிரான எழுச்சிக்குத் தலைமை தாங்கிய கராஜோர்ஜேயின் வாழ்வைச் சொன்னது. பல பத்தாண்டுகள் அப்படம் தொலைந்துபோயிற்று என்றே கருதப்பட்டது. 2003இல் அதன் படி வியன்னாவின் திரைப்படக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. தம் முதற்படத்தையே தொலைத்து, அயல்நாட்டில் அதனை மீட்டெடுத்த திரைமரபு இது.

1960களில் 'கறுப்பு அலை' என்று பெயர்பெற்ற இயக்கம் எழுந்தது. அலெக்சாந்தர் பெத்ரோவிச் 1967இல் உருவாக்கிய 'இறகு பொறுக்குவோர்' என்னும் படம் கான் விழாவில் பரிசு பெற்றது. அரசு காட்ட விரும்பிய ஒளிமிகு சோசலிச வாழ்வுக்கு மாறாக, சேற்றையும் வறுமையையும் இவ்வியக்கத்தார் காட்டினர். 1990களிலோ போரே திரையை நிறைத்தது. எமிர் குஸ்துரீட்சாவின் 'அண்டர்கிரவுண்ட்' 1995இல் கான் விழாவின் தங்கப் பனையோலை விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டு சிர்ஜான் திராகோயெவிச்சின் 'அழகிய ஊர்கள் அழகாய் எரிகின்றன' வெளிவந்தது. போஸ்னியப் போரில் ஒரு சுரங்கப் பாதைக்குள் சிக்கிய செர்பியப் படைவீரர்களின் கதை அது. அதில் முதன்மைப் பாத்திரத்தை ஏற்றவர் திராகன் பியலோகர்லிச் என்னும் நடிகர். பதினான்கு ஆண்டுகள் கழித்து மொண்டெவிடேயோப் படத்தை இயக்கியவரும் அவரே. திரையரங்குக்கு அவர் இயக்கிய முதற்படம் அது. அதன் திரைக்கதையில் திராகோயெவிச்சுக்கும் பங்குண்டு. எரியும் ஊர்களைக் காட்டிய கைகளே பின்னர் புழுதித் தெருவில் பந்தாடும் இளைஞரைக் காட்டின.

1930இன் நிகழ்வு

1918இல் செர்பியர், குரோவாத்தியர், ஸ்லோவேனியர் ஆகியோரின் அரசாக அமைந்த நாட்டில் 1929 ஜனவரி 6ஆம் நாள் மன்னர் அலெக்சாந்தர் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தன்னாட்சியை அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் நாட்டின் பெயர் யூகோஸ்லாவியா என மாற்றப்பட்டது. 1919இல் சாக்ரெப் நகரில் தோன்றிய கால்பந்துச் சங்கத்தின் தலைமையகமும் இக்காலத்திலேயே பெல்கிரேடுக்கு மாற்றப்பட்டது. இதனை எதிர்த்துக் குரோவாத்திய ஆட்டக்காரர்கள் தேசிய அணியைப் புறக்கணித்தனர். ஆகவே யூகோஸ்லாவியாவின் பெயரால் உருகுவேக்குச் சென்ற அணி, பெல்கிரேடு மன்றங்களின் ஆட்டக்காரரும் பிரான்சில் ஆடிவந்த மூவரும் சேர்ந்த அணியாயிற்று. ஒற்றுமையின் பெயரைத் தாங்கிய அவ்வணியே பிளவின் விளைவாக அமைந்தது என்பது கருதத்தக்கது.

அப்போட்டியில் பங்கேற்றவை 13 நாடுகள். ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து சென்றவை நான்கே: பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா. முதல் மூன்று அணிகளும் 'கோந்தே வெர்தே' என்னும் கப்பலில் செல்ல, யூகோஸ்லாவியர் மார்சேய்த் துறைமுகத்தில் 'புளோரிடா' என்னும் அஞ்சல் கப்பலில் ஏறினர்.

ஜூலை 14ஆம் நாள் பிரேசிலை 2-1 என்ற கணக்கில் அவர்கள் வென்றனர். முதல் கோலை அடித்த அலெக்சாந்தர் திர்னானிச்சுக்கு மறுநாள்தான் இருபது வயது நிறைந்தது. இரண்டாவது கோல் இவான் பெக்கினுடையது. கோல்காப்பாளர் மிலோவான் யாக்சிச்சை 'மாபெரும் மிலோவான்' என்று தென்னமெரிக்கர் அழைத்தனர். அடுத்துப் பொலிவியா 4-0 என வீழ்ந்தது. ஜூலை 27ஆம் நாள் அரையிறுதியில் போட்டியை நடத்தும் உருகுவேயைச் சந்தித்தனர். நான்காம் நிமிடத்தில் வுயாதினோவிச் கோலடித்து முன்னிலை தந்தார். அதன்பின் உருகுவே ஆறு கோல்களை அடித்தது. நடுவர் பிரேசில் நாட்டவர். உருகுவேயின் கோல் ஒன்றுக்கு முன் களத்தைவிட்டு வெளியேறிய பந்தை எல்லையில் நின்ற காவலர் ஒருவர் உள்ளே தள்ளிவிட்டார் என்று செர்பியர் இன்றளவும் சொல்வர். அது மெய்யோ, பாட்டோ, தோற்ற ஆட்டத்துக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. கொசோவோவைப் பாடிய மக்களுக்கு அக்கதையைப் பேணுவது அரிதான செயலன்று.

திரை மீட்டெடுத்த கால்பந்து

விளாதிமிர் ஸ்தான்கோவிச் என்னும் விளையாட்டு இதழாளரின் நூலைத் தழுவி இப்படம் உருவாயிற்று. ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த திர்னானிச்சும், நகரமே கொண்டாடும் ஆட்டக்காரரான மோஷா மரியானோவிச்சும் முதலில் போட்டியாளராகவும் பின்னர் தோழராகவும் ஆவதே கதையின் நடுச்சரடு. மிலோஷ் பிகோவிச்சும் பேதர் ஸ்துருகாரும் அப்பாத்திரங்களை ஏற்றனர். படம் உருகுவேயைக் காட்டுவதில்லை. பயணம் தொடங்குமிடத்தில் முடிந்துவிடுகிறது. போட்டிகளைச் சொல்லும் இரண்டாம் பகுதி 2014இல் வந்தது.

கதையைச் சொல்பவன் ஸ்தனோயே என்னும் சிறுவன். அவனுக்கு ஒரு கால் ஊனம். பந்தை உதைக்க இயலாத ஒருவனே பந்தாட்டத்தின் பாணனாக அமைகிறான். களத்தில் இறங்கியவனைவிடக் களத்தின் ஓரத்தில் நின்றவனே கதையை ஏந்திச் செல்கிறான் என்ற பழைய உண்மை இங்குப் புதுவடிவம் கொள்கிறது.

இப்படம் வெளிவந்த சூழலை எண்ணினால்தான் அதன் தேவை விளங்கும். 1990 மே 13ஆம் நாள் சாக்ரெப் நகரின் மக்சிமிர் அரங்கில், தினாமோ சாக்ரெப் அணிக்கும் பெல்கிரேடின் சிவப்பு விண்மீன் அணிக்கும் நடக்கவிருந்த ஆட்டம் பெருங்கலவரமாயிற்று. போர் அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்வோர் பலர். சிவப்பு விண்மீன் அணியின் ஆதரவாளர்களிலிருந்தே 'ஆர்கான்' என்பவரின் ஆயுதக் குழுவுக்கு ஆள் திரட்டப்பட்டது. பார்வையாளர் மாடத்திலிருந்து போர்க்களத்துக்கு நேர்வழி ஒன்று அமைந்தது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நிழல் அகலவில்லை. 2010 அக்டோபர் 12ஆம் நாள் இத்தாலியின் ஜெனோவா நகரில் நடந்த ஆட்டம், செர்பிய ஆதரவாளரின் வன்செயலால் சில நிமிடங்களிலேயே நிறுத்தப்பட்டது. இரண்டு மாதங்கள் கழித்து இப்படம் திரைக்கு வந்தது. கால்பந்து என்றாலே தீப்பந்தமும் கல்லெறியும் நினைவுக்கு வந்த நாட்டில், கந்தல் பந்தும் தோழமையும் கடல் காணாத இளைஞரின் கடற்கனவும் அதற்குரியவையாக இருந்த ஒரு நாளை அது காட்டியது.

அது காட்டிய நகரமும் இன்று இல்லை. 1941 ஏப்ரல் 6ஆம் நாள் செருமானிய வானூர்திகள் பெல்கிரேடைத் தாக்கின. தேசிய நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. 1944இல் நேச நாடுகளின் குண்டுகளும் 1999இல் நேட்டோவின் குண்டுகளும் அந்நகரின்மேல் வீழ்ந்தன. தரையில் மீட்க முடியாத தெருக்களைத் திரையில் மீட்டதால்தான் பலருக்கு அப்படம் குடும்ப நினைவுபோல் ஆயிற்று. மாஸ்கோ திரைப்பட விழாவில் 2011இல் பார்வையாளர் விருதைப் பெற்ற அப்படத்தைச் செர்பியா ஆஸ்கர் விருதுக்கும் அனுப்பிவைத்தது. தொலைக்காட்சித் தொடராகவும் அது வீடுகளுக்குள் சென்றது. 2002இல் வெளிவந்த 'சோனா சம்பிரோவா' என்னும் பழங்காலக் காதற்கதையும் பெருந்திரளான மக்களை அரங்குக்கு அழைத்ததுண்டு. ஆயின் அது புனைகதை. மொண்டெவிடேயோப் படம் மெய்யாக வாழ்ந்தவரின் பெயர்களைத் திரும்ப வழங்கியது.

படம் சொல்லாதவை

இனிமை மிகும்போது மறதியும் மிகும். பொன்னொளியில் தோய்ந்த அப்பெல்கிரேடு, தன்னாட்சி அறிவிக்கப்பட்டு ஓராண்டே ஆன நகரம் என்பதைப் படம் அழுத்தமாகச் சொல்வதில்லை. வராத குரோவாத்தியரின் மனக்குறையைக் கதையின் ஒரு தடையாகக் காட்டுகிறதேயன்றி, அதற்குள் புகுந்து பார்க்கவில்லை. யூகோஸ்லாவிய அணியின் கதை, நாடு பலவாகச் சிதறி 2006இல் செர்பியா தனித்து நின்ற பின், செர்பியரின் கதையாக மீண்டும் எழுதப்படுகிறது. அவ்வெழுத்துக்கு உரிமை உண்டு, அணி பெல்கிரேடினது. எனினும் அதன் மேலாடையில் இருந்த பெயர் வேறு.

காலமோ, படம் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. அணி கப்பலேறிய அதே மார்சேய் நகரில் 1934 அக்டோபர் 9ஆம் நாள் மன்னர் அலெக்சாந்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையைச் செய்திப் படக் கருவிகள் பதிவு செய்தன. அணித்தலைவர் மிலுதின் இவ்கோவிச் ஒரு மருத்துவர். பாசிச எதிர்ப்பாளராக விளங்கிய அவர், 1943இல் நாசிகளால் பெல்கிரேடை அடுத்த யாயின்சியில் கொல்லப்பட்டார். இளையவரான திர்னானிச் நெடிது வாழ்ந்து, பின்னாளில் தேசிய அணியின் பயிற்சியாளராகி, 1960ஆம் ஆண்டு உரோமை ஒலிம்பிக்கில் தங்கம் வெல்ல வழிகாட்டினார். 1992இல் அவர் மறைந்தபோது, அவர் ஆடிய நாடு சிதறிக்கொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் அறிந்து பார்ப்பவர்க்குப் படத்தின் இறுதிக் காட்சி இரட்டைப் பொருள் தருகிறது. புறப்படும் இளைஞர்களுக்குத் தம் முன் இருப்பது ஒரு போட்டி மட்டுமே. பார்ப்பவருக்கோ அப்பயணத்துக்கு அப்பாலுள்ள படுகொலைகளும் போர்களும் தெரியும். கொசோவோப் பாடல் கேட்டவரை வாளை நோக்கித் திருப்பவும் கூடும் என்பதை 1989 காட்டிற்று. ஆறு கோல்களில் வந்த தோல்வி எவரையும் பழிவாங்கச் சொல்வதில்லை. தோற்றவனைப் பாடும் கவிதைக்குக் குருதி இல்லாத ஒரு களத்தைத் தேடித் தந்ததே செர்பியத் திரைக்கலைக்கு இப்படம் ஆற்றிய பணி. அக்களத்தில் வந்து நில்லாத மறுபாதியையும் சேர்த்துப் பாடும் பாணன் இனித்தான் தோன்ற வேண்டும்.