நாயக்கர் அரண்மனையும் திருவரங்கமும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இன்று அரசு அருங்காட்சியகம் விளங்கும் மண்டபத்தை மக்கள் ராணி மங்கம்மாள் மகால் என்று வழங்குவர். திருவரங்கன் திருக்கோயிலுக்குப் பல கைங்கரியங்கள் செய்த மதுரை நாயக்கர் மரபினர் வாழ்ந்த அரண்மனையின் எஞ்சிய கூறு அது. மங்கம்மாளின் பெயரைத் தாங்கினும், அதனை எடுப்பித்தவர் அவ்வம்மையின் கணவராகிய சொக்கநாத நாயக்கர் என்பர்.

இம்மனையின் வரலாறு மதுரையில் தொடங்குகிறது. சொக்கநாதரின் பாட்டனார் திருமலை நாயக்கர் 1636-ஆம் ஆண்டளவில் செங்கல்லும் சுதையும் கொண்டு, சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்னும் பகுதிகளோடு ஒரு பெரும் மாளிகையை அங்கே எழுப்பினார். 1659-இல் அரியணை ஏறிய சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அப்போது மதுரை மாளிகையின் பெரும்பகுதியைப் பிரித்து, அதன் அரும்பொருள்களை இங்குத் தம் அரண்மனைக்குக் கொணர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. பாட்டன் அரிதின் எடுத்த வீட்டைப் பேரனே பிரித்தான் என்றால் நெஞ்சு வருந்தாதிருக்குமோ! பகைவர் படையும் செய்யாத அழிவு அது. இன்று மதுரையில் நாம் காண்பது பழைய மாளிகையின் நாலில் ஒரு பங்கே என்பர். அதுவும் நிலைத்தது, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கும் பணியை மேற்கொண்டமையால்தான்.

திருச்சி அரண்மனைக்கும் நெடுவாழ்வு வாய்க்கவில்லை. மங்கம்மாளுக்குப்பின் அவர் பேரன் விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். அரசியலைக் கவனியாது கோயில்களுக்கே வாரி வழங்கினார் என்று வரலாற்றாசிரியர் அவரைக் குறை கூறுவர். அக்குறை முற்றும் பொய்யன்று. கருவூலம் தளர்ந்தது மெய்யே. மகப்பேறின்றி அவர் மறைந்தபின் அரசி மீனாட்சி சில ஆண்டுகளே ஆண்டார். சந்தா சாகிபின் சூழ்ச்சியால் அரசு கைமாறிற்று. அத்துடன் நாயக்கர் ஆட்சியும் முடிந்தது. அரண்மனையும் பிறர் வசமாயிற்று; நாளடைவில் அதன் பல பகுதிகள் மறைந்து, கொலுமண்டபம் நின்றது.

மாளிகைகள் இரண்டும் இங்ஙனம் குறைந்தன. விஜயரங்க சொக்கநாதரோ, தம் குடும்பத்தாருடன் கூப்பிய கரத்தினராய், திருவரங்கத் திருக்கோயிலினுள் இன்றும் சிலை வடிவில் நிற்கிறார். திருப்பணிக்குப் பொருள் நல்கும் அன்பர்கள், பெருமாளைச் சேவித்துத் திரும்புகையில் அவரையும் ஒருகணம் நோக்குவாராக.