துண்டுச் சீட்டில் ஒரு வரி

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் விவரக் குறிப்பில், நினைவு தடுமாறலாம், குழப்பம் வரலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012 பிப்ரவரியில் சேர்த்தது. மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும் அதில் இருந்தது. முதியவர்கள் பலரை மாத்திரையைத் தூக்கிப்போட வைக்கக்கூடிய இந்த வரி எங்கிருந்து வந்தது என்று பழைய ஆய்விதழ்களில் பின்னோக்கித் தேடினேன்.

2003-இல் வெளியான ஒரு கட்டுரையில் தடம் கிடைத்தது. 1997 நவம்பர் முதல் 2002 பிப்ரவரி வரை அந்த அமைப்புக்கு வந்த 60 நினைவிழப்புப் புகார்களை வாக்ஸ்டாஃப் குழுவினர் அதில் அலசியிருந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் 36, அடோர்வாஸ்டாட்டின் 23, பிரவாஸ்டாட்டின் ஒன்றே ஒன்று. ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொல்லை முதல் இரண்டு மாதத்துக்குள் தொடங்கியிருந்தது. நான்கு பேருக்கு, மருந்தை மறுபடி கொடுத்ததும் திரும்ப வந்திருந்தது. இந்த நால்வரை என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆனால் புகார்கள் மட்டும் சாட்சியாகிவிடாது. 70 முதல் 82 வயதுள்ள 5,804 பேரிடம் நடந்த 'பிராஸ்பர்' ஆய்வில் (2002) மருந்துக் குழுவுக்கும் போலி மாத்திரைக் குழுவுக்கும் நினைவாற்றலில் வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே கொடுத்தது பிரவாஸ்டாட்டின். நீரில் கரைவது, மூளைக்குள் எளிதில் புகாதது. சிம்வாஸ்டாட்டினைச் சோதித்தது பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வு. 20,536 பேர், அங்கும் வேறுபாடு இல்லை. அதன் வழிமுறைப் பகுதியைப் படித்தபோதுதான் நின்றேன். குழுக்களாகப் பிரிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் சில வாரம் சிம்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் அப்போதே விலகியிருக்கலாம். அறிவுத்திறனைச் சோதித்ததோ கடைசியில், தொலைபேசிக் கேள்விகள் வழியாக. தொடக்க வாரங்களின் தடுமாற்றம் அந்த வலையில் சிக்கியிருக்காது.

அந்தத் தொடக்க வாரங்களைத்தான் 2015-இல் ஸ்ட்ராம் குழுவினர் பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேடுகளில் தேடினார்கள். மருந்தே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஸ்டாட்டின் தொடங்கிய 30 நாளில் திடீர் நினைவிழப்பு பதிவாகும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் கொழுப்புக்கு வேறு வகை மருந்து தொடங்கியவர்களிடமும் ஏறத்தாழ அதே உயர்வு! புதிதாக மாத்திரை தொடங்கியவர் தன் உடம்பைக் கூர்ந்து கவனிக்கிறார், மருத்துவரையும் அடிக்கடி பார்க்கிறார். பழைய மறதியும் அப்போதுதான் ஏட்டில் ஏறுகிறது. பெரும்பாலான புகார்களுக்கு விளக்கம் இதுவே என்று கருதுகிறேன்.

மருந்தை மறுபடி கொடுத்ததும் மறதி திரும்பிய அந்த நால்வரின் கேள்விக்கு மட்டும் இதில் விடை இல்லை. அதைத் தேட ஒரு வழி உண்டு. லண்டனில் நடந்து 2020-இல் வெளியான 'சாம்சன்' ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு ஒரு மாதம் மருந்து, ஒரு மாதம் போலி மாத்திரை, ஒரு மாதம் எதுவுமில்லை என மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மருந்தில் வந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. மறதி என்று சொல்லி வரும் முதியவருக்கும் மருத்துவரின் கண்காணிப்பில் இதே சோதனையைச் செய்யலாம். அவராகவே மாத்திரையை நிறுத்துவதால் மாரடைப்பு அபாயம்தான் கூடும்.